துருத்தியின் எல்லையும் லென்ஸின் நீளமும்

துருத்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் முதலில் தோன்றுவது கொல்லனுடைய உலைக்களமே. விரிந்தும் சுருங்கியும் உலையின் கனலுக்குக் காற்றை ஊட்டும் அந்தத் தோல் மடிப்பே ஆர்மோனியப் பெட்டியின் முதுகில் அமர்ந்து நாதத்துக்கு உயிர் கொடுக்கிறது. அதே மடிப்பே, காற்றுக்குப் பதிலாக இருளைத் தன் வயிற்றில் அடக்கிக்கொண்டு, பெரிய தகட்டுக் காமிராவின் நடுவுடலாகவும் விளங்குகிறது. பழைய ஸ்டூடியோக்களில், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு படமெடுப்பவர் நெடுநேரம் எதையோ சரிபார்த்ததை நம்மில் மூத்தவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அவர் அங்கே செய்துகொண்டிருந்த காரியம், லென்ஸுக்கும் பிம்பம் விழும் தேய்த்த கண்ணாடிக்கும் இடையிலுள்ள தூரத்தைத் துருத்தியின் துணையால் நுட்பமாகக் கூட்டியும் குறைத்தும் பிம்பத்தைத் தெளிவாக்கும் காரியமே ஆகும்.

4-க்கு 5 அங்குலமோ, 8-க்கு 10 அங்குலமோ அளவுள்ள பிலிமில் படமெடுக்கும் இத்தகைய காமிரா, அமைப்பில் மிகவும் எளியது. லென்ஸைத் தாங்கும் முன்சட்டம் ஒன்று, பிலிமைத் தாங்கும் பின்சட்டம் ஒன்று, இரண்டையும் ஒளி புகாமல் இணைக்கும் துருத்தி, இவை நகர்வதற்கு ஒரு தண்டவாளம்: இவ்வளவுதான் அதன் அங்கங்கள். வில்லும் சக்கரமும் மின்சாரமும் இல்லாத இந்த எளிய யந்திரம் எந்த லென்ஸை மாட்டினாலும் ஏற்றுக்கொள்ளும் என்றே முதல் பார்வையில் தோன்றும். ஆனால், நீண்ட குவியத் தூரமுள்ள லென்ஸ் ஒன்றை ஆசையோடு கொண்டுவந்து மாட்டி, துருத்தியை அதன் கடைசி மடிப்பு வரை இழுத்த பிறகும், தேய்த்த கண்ணாடியில் தூரத்து மலை மங்கலாகவே நிற்பதைக் கண்டு மனம் சோர்ந்தவர்கள் அநேகர். அந்தச் சோர்வுக்குக் காரணம் என்ன, அதற்குப் பரிகாரம் உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூதக்கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்காத சிறுவர் இருக்க முடியாது. காகிதத்தில் ஒளிப்பொட்டு மிகச் சிறியதாகக் குறுகும்போது, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையே இருக்கும் தூரமே அந்தக் கண்ணாடியின் குவியத் தூரம். சூரியனைப் போல மிகத் தொலைவிலுள்ள பொருள்களின் பிம்பம் அந்தத் தூரத்தில் விழுகிறது; பொருள் நெருங்கி வர வர, பிம்பம் லென்ஸை விட்டு மேலும் பின்னோக்கி விலகுகிறது. ஆகவே, 300 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள சாதாரண லென்ஸுக்கு, தொலைதூரக் காட்சிக்கே துருத்தியில் 300 மில்லிமீட்டர் நீட்சி வேண்டும். அருகிலுள்ள பொருளுக்கு அதற்கும் மேலே வேண்டும்.

துருத்தியின் முழு நீட்சி 300 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். மடித்து எடுத்துச் செல்லத்தக்க பல காமிராக்களின் நிலைமை ஏறத்தாழ இதுவே. அதில் 210 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால், 70 சென்டிமீட்டர் தூரத்திலுள்ள பூவைக்கூடத் தெளிவாகப் பிடிக்கலாம். 240 மில்லிமீட்டர் லென்ஸாக இருந்தால் 1.2 மீட்டருக்கு அருகில் வர இயலாது. 270 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அந்த எல்லை 2.7 மீட்டராகி விடுகிறது. 290-க்கு அது 8.7 மீட்டர், 300-க்கோ தொடுவானம் ஒன்றே தெளியும், அதற்கு இப்பால் உள்ளவை யாவும் மங்கும். கடைசிச் சில மில்லிமீட்டர்களில் எல்லை எத்தனை வேகமாக விலகி ஓடுகிறது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். துருத்தியின் நீட்சிக்குச் சமமான குவியத் தூரமுள்ள லென்ஸை வாங்குவது, பெரும்பாலும் பிரயோஜனமற்ற காரியமாக முடிவதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் நீண்ட லென்ஸ் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். பிம்பத்தின் அளவு குவியத் தூரத்தைப் பின்பற்றி வளர்கிறது என்பதே அதற்கு விடை. வானத்து நிலவு நம் கண்ணுக்கு ஏறக்குறைய அரை டிகிரி கோணத்தில் தெரிகிறது. எனவே பிலிமில் அதன் பிம்பம் குவியத் தூரத்தில் சுமார் 110-இல் ஒரு பங்காகவே அமையும். 4-க்கு 5 அங்குலக் காமிராவில் வழக்கமான 150 மில்லிமீட்டர் லென்ஸ், நிலவை ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒரு புள்ளியாகவே வரையும். தொலைவிலுள்ள சிகரம், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கோபுரம், கிட்ட நெருங்க முடியாத மரக்கிளை ஆகிய எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

நீண்ட லென்ஸின் பயனுக்குச் சிறந்த சான்று, அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவுதயப் படம். அந்தி வெளிச்சம் கல்லறைச் சிலுவைகளை விட்டு நீங்குவதற்குச் சில கணங்களே இருந்த நிலையில், காரை நிறுத்தி இறங்கி, 8-க்கு 10 அங்குலக் காமிராவை அவசரமாக நிறுத்திய ஆடம்ஸ், ஒளிமானி கைக்கு அகப்படாமையால், நிலவின் பிரகாசம் இவ்வளவு என்று தமக்கு முன்பே தெரிந்திருந்த அளவைக் கொண்டு கணக்கிட்டு, ஒரு விநாடி ஒளியூட்டம் கொடுத்தார். இரண்டாவது பிலிமுக்கு அவர் ஆயத்தமாவதற்குள் சிலுவைகளின் மீதிருந்த வெளிச்சம் மறைந்துவிட்டது. அன்று அவர் பயன்படுத்தியது குக் நிறுவனத்தாரின் மூவகை லென்ஸின் 23 அங்குலப் பாதி. இரு பாதிகளும் சேர்ந்திருக்கும்போது சுமார் 12 அங்குலக் குவியத் தூரமுள்ள அந்த லென்ஸில், ஒரு பாதியைக் கழற்றி மற்றதை மட்டும் விட்டால் குவியத் தூரம் 19 அல்லது 23 அங்குலமாக நீளும். நிலவின் பிம்பம் அந்த நெகடிவில் 5 மில்லிமீட்டர் அளவுக்கு விழுந்ததும், பரந்த கருவானத்தின் கீழே அது தன் இடத்தை நிலைநாட்டியதும் அந்த நீளத்தின் பலனே. அதற்கு அவருடைய காமிராவின் துருத்தி ஏறக்குறைய இரண்டு அடி விரிய வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

துருத்தியையே நீளமாகச் செய்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இங்கே எழுவது இயற்கை. ஸ்டூடியோக் காமிராவுக்கு அது தகும். மலையேறுபவனின் முதுகுச் சுமைக்குத் தகாது. துருத்தி நீள நீளத் தண்டவாளமும் நீள வேண்டும். தண்டவாளம் நீண்டால் அதன் உறுதிக்காகக் கனமும் கூட வேண்டும். கனம் கூடினால் முக்காலியும் பருக்க வேண்டும். அதோடு, முழுதும் விரிந்த துருத்தி காற்றைப் பிடிக்கும் பாயாகிவிடுகிறது. லென்ஸின் சிறு துவாரத்தோடு அரை விநாடியோ ஒரு விநாடியோ ஒளியூட்ட நேரும்போது, மலையுச்சியின் இளங்காற்றில் அந்தப் பாய் நடுங்கினால், எத்தனை உயர்ந்த லென்ஸும் கூர்மையான படத்தைத் தராது. நடுவில் தொய்ந்துபோன துருத்தி பிம்பத்தின் ஒரு விளிம்பை மறைத்துவிடுவதும் உண்டு. ஆதலால் எல்லைக்குட்பட்ட துருத்தி என்பதை ஒரு குறையாகக் கருதாமல், இலேசுக்கும் உறுதிக்கும் கொடுத்த விலையாகக் கருதுவதே நியாயம்.

இந்த எல்லைக்குள் நின்றுகொண்டே நீளத்தைப் பெறுவதற்குச் சில வழிகள் உண்டு. முதலாவது, முன்சட்டத்தில் லென்ஸைத் தாங்கும் லென்ஸ் பலகையைத் தட்டையாகச் செய்யாமல், முன்னோக்கிப் புடைத்த சிறு பெட்டியாகச் செய்வது. 60 மில்லிமீட்டர் ஆழமுள்ள பெட்டியின் முகத்தில் லென்ஸைப் பொருத்தினால், 300 மில்லிமீட்டர் துருத்தியிலும் 360 மில்லிமீட்டர் லென்ஸ் தொடுவானத்தைத் தெளிவாகக் காட்டிவிடும். இதைத் தச்சுவேலை தெரிந்த எவரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பெட்டியின் உட்புறத்துக்குப் பளபளப்பற்ற கறுப்பு பூச வேண்டும். அதன் வாய் குறுகலாக இருந்தால் பிம்பத்தின் மூலைகள் கருகும் என்பதையும், லென்ஸின் கனம் முன்னே தள்ளிப்போவதால் முன்சட்டம் சாயக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஆடம்ஸ் கையாண்டதைப் போன்ற பிரிக்கத்தக்க லென்ஸ்களுக்கு உரியது. தனித்து நிற்கும் பாதியை ஷட்டருக்குப் பின்னால் விடுவதே வழக்கம். அங்கே பிம்பத்தின் குறைகள் குறைவாக இருக்கும். ஆனால் அந்த நிலையில், குவியத் தூரத்தைக் காட்டிலும் சற்று அதிகமான நீட்சி தேவைப்படும். அதே பாதியை ஷட்டருக்கு முன்னால் திருகினால் தேவைப்படும் நீட்சி குறைந்துவிடும். துருத்தி சற்றே போதாமற்போகும் இடங்களில், துவாரத்தை நன்றாகச் சுருக்கிக்கொண்டு இந்த உபாயத்தை மேற்கொள்ளலாம்.

மூன்றாவது வழி மிக எளியது: குறைந்த நீளமுள்ள லென்ஸால் எடுத்து, நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கிக்கொள்வது. 4-க்கு 5 அங்குல நெகடிவின் நடுவிலிருந்து நீள அகலங்களில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும், எஞ்சும் 2-க்கு 2½ அங்குலத் துண்டு, 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு முழுப் படத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. காட்சியின் பரிமாணத் தோற்றம் நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்ததேயன்றி லென்ஸின் நீளத்தைப் பொறுத்ததன்று. ஆகையால் அந்தத் துண்டிலும் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய பாவம் மாறாது. எனினும், பெரிய தகட்டைச் சுமந்து மலையேறியவருக்கு அதில் முக்கால் பங்கை எறிந்துவிட மனம் ஒப்புவதில்லை.

நான்காவது வழியே விஞ்ஞானத்தின் அழகு முழுமையும் துலங்கும் வழி. அதுவே டெலிபோட்டோ லென்ஸ். அதன் இரகசியத்தை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைக்கும் இரண்டு கண்ணாடிகள் போதும். ஒன்று ‘பிளஸ் 5’ பவருள்ள குவிலென்ஸ். மற்றது ‘மைனஸ் 5’ பவருள்ள குழிலென்ஸ். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவைத்துப் பாருங்கள்: ஒன்றின் சக்தியை மற்றது முற்றிலும் அழித்துவிட, அவை வெறும் ஜன்னல் கண்ணாடியைப் போலாகிவிடும். இனி, குவிலென்ஸை மட்டும் ஜன்னலுக்கு எதிரே பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தை நகர்த்துங்கள். 20 சென்டிமீட்டர் தூரத்தில், வெளியே நிற்கும் மரம் தலைகீழாகத் தெளிவாய் விழும். அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குழிலென்ஸை, குவிலென்ஸுக்கு 10 சென்டிமீட்டர் பின்னால், காகிதத்துக்கும் அதற்கும் நடுவில் நிறுத்துங்கள். மரம் மங்கி மறையும். காகிதத்தை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். 10 சென்டிமீட்டர் இழுத்ததும் மரம் மறுபடி தெளியும். ஆனால் இப்போது அதன் உயரம் முன்னைப்போல் இருமடங்கு! ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவிவிட்டமையால் சற்று மங்கலாகவும் இருக்கும்.

நிகழ்ந்தது என்ன என்று நிதானித்துப் பார்ப்போம். பிம்பம் இருமடங்கானதால், இந்த ஜோடியின் குவியத் தூரம் 40 சென்டிமீட்டர் என்று ஏற்படுகிறது. ஆனால் முன்கண்ணாடியிலிருந்து காகிதம் வரை அளந்தால் 30 சென்டிமீட்டரே வருகிறது. பின்கண்ணாடியிலிருந்து அளந்தாலோ 20-தான். ஒட்டி நின்றபோது ஒன்றையொன்று அழித்த இரண்டு சக்திகள், நடுவே சிறிது இடைவெளி கிடைத்தவுடன் சேர்ந்து ஒரு நீண்ட லென்ஸின் வேலையைச் செய்கின்றன. குவிலென்ஸ் கிரணங்களை வேகமாக ஒடுக்குகிறது; அவை விரைந்து கூடிவிடாதபடி குழிலென்ஸ் அவற்றைச் சற்றே விரித்து, ஒல்லியான ஒரு கூம்பாக்கி அனுப்புகிறது. அந்த ஒல்லிக் கூம்பின் விளிம்புகளை முன்னோக்கி நீட்டி வரைந்துகொண்டே போனால், அவை முதலில் வந்த கிரணங்களின் அகலத்தை அடையும் இடம், முன்கண்ணாடிக்கும் 10 சென்டிமீட்டர் முன்னால், வெறும் வெளியில் இருக்கும். ஒளியியலார் முதன்மைத் தளம் என்று கூறும் இடம் அதுவே. குவியத் தூரத்தை அளக்க வேண்டியது கண்ணாடியிலிருந்தன்று, அந்தக் கற்பனைத் தளத்திலிருந்துதான். லென்ஸ் காமிராவின் வாயில் அமர்ந்திருக்க, அதன் முதன்மைத் தளம் மட்டும் வெளியே காற்றில் நிற்பதனால், துருத்தி விரிய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைத் திறந்த வெளியே செய்துவிடுகிறது.

குவிலென்ஸும் குழிலென்ஸும் இவ்வாறு சேர்ந்து பெரிய பிம்பத்தைத் திரையில் வீழ்த்தும் என்பதை, கிரகங்களின் சஞ்சாரத்துக்கு நியதி கண்ட கெப்ளர் 1611-ஆம் ஆண்டிலேயே தமது ஒளியியல் நூலில் விளக்கியிருக்கிறார். அந்தத் தத்துவம் நிழற்படக் காமிராவின் வாயிலை அடைய 280 ஆண்டுகள் சென்றன. 1891-ஆம் ஆண்டில் லண்டனில் தாமஸ் ருடால்பஸ் டால்மேயரும், ஜெர்மனியில் அடால்ப் மீத்தேயும் அடால்ப் ஸ்டைன்ஹைலும், ஒருவர் முயற்சியை மற்றவர் பின்பற்றாமல், ஏறத்தாழ ஒரே சமயத்தில் டெலிபோட்டோ லென்ஸை அமைத்தார்கள். காலம் கனியும்போது ஒரே எண்ணம் பல உள்ளங்களில் அரும்புவதற்கு இதைவிட நல்ல உதாரணம் காண்பது அரிது. டால்மேயர் 1899-இல் இந்த விஷயத்தைப் பற்றியே தனி நூல் ஒன்றையும் வெளியிட்டார். அக்காலத்து அமைப்புகளில் இரு கண்ணாடிகளின் இடைவெளியை மாற்றிப் பிம்பத்தைப் பெருக்கவும் குறைக்கவும் முடிந்தது. ஆனால் பிம்பம் பெருகப் பெருக ஒளி குன்றியது, விளிம்புகளில் கூர்மையும் குன்றியது. இடைவெளியை நிலையாக வைத்து, அந்த ஒரு நிலைக்கென்றே குறைகளைத் திருத்திய லென்ஸ்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய பிறகே இது அன்றாடக் கருவியாயிற்று.

பிற்காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் செய்த டெலிபோட்டோக்கள் இந்தக் கலையின் முதிர்ச்சியைக் காட்டுவன. நிக்கான் நிறுவனத்தாரின் ஒரு தொகுப்பில், முன்பகுதி ஒன்றை வைத்துக்கொண்டு பின்பகுதியை மட்டும் மாற்றினால், குவியத் தூரம் 360, 500, 720 மில்லிமீட்டர் என்று மூன்றாக மாறும். அவற்றுக்கு வேண்டிய நீட்சியோ முறையே சுமார் 260, 350, 470 மில்லிமீட்டரே. ஃபியூஜி நிறுவனத்தாரின் 400 மில்லிமீட்டர் டெலிபோட்டோவுக்குச் சுமார் 250 மில்லிமீட்டர் போதும். சாதாரண 300 மில்லிமீட்டர் லென்ஸே திணறும் ஓரடித் துருத்தியில், இந்த 400 மில்லிமீட்டர் லென்ஸ் தொடுவானத்தைக் காட்டியதோடு நில்லாமல், ஏறக்குறைய 4 மீட்டர் தூரத்திலுள்ள பொருளையும் தெளிவாக்கிவிடுகிறது.

ஆயினும் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. டெலிபோட்டோவின் விலையையும் அறிந்திருப்பது நலம். முதலாவதாக, அது நீட்சியில் செய்யும் சேமிப்பு ஒரே அளவினது. அருகிலுள்ள பொருளுக்காக மேலும் விரிய வேண்டிய தூரம், அதே குவியத் தூரமுள்ள சாதாரண லென்ஸுக்கு எவ்வளவோ அவ்வளவே இதற்கும் வேண்டும். இரண்டாவதாக, பெரிய தகட்டுக் காமிராவின் தனிச்சிறப்பான முன்சட்டச் சாய்வு இங்கே சிரமம் தரும். சாதாரண லென்ஸைச் சாய்த்தால் காட்சி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, தெளிவின் தளம் மட்டும் சாயும். டெலிபோட்டோவில் முதன்மைத் தளம் வெகு முன்னால் இருப்பதால், சிறிது சாய்த்தாலும் காட்சி முழுவதுமே தேய்த்த கண்ணாடியில் நகர்ந்துவிடுகிறது; ஒவ்வொரு சாய்வுக்கும் சட்டத்தைத் திருப்பி, மறுபடி தெளிவு பார்த்து, பொறுமையோடு பலமுறை திருத்த வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக, துருத்தி நீளும்போது ஒளியூட்டத்தைக் கூட்டுவதற்கு நாம் வழக்கமாகச் செய்யும் கணக்கும் இங்கே பிழைபடும். 240 மில்லிமீட்டர் லென்ஸைத் துருத்தியில் 300 மில்லிமீட்டர் இழுத்தால் ஒளியூட்டம் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் வேண்டும் என்று, இரண்டு எண்களின் விகிதத்தை வர்க்கம் செய்து சொல்லிவிடலாம். டெலிபோட்டோவின் பின்னாலிருந்து பார்த்தால் துவாரம் முன்னாலிருந்து பார்ப்பதைவிடச் சிறிதாகத் தெரிவதனால், அதற்கு இந்தச் சுலபக் கணக்கு பொருந்தாது. தொலைதூரக் காட்சிகளில் இது ஒரு பொருட்டன்று. அருகிலுள்ள பொருள்களுக்கு, ஒரு பிலிமைச் செலவழித்துச் சோதித்து அறிந்துகொள்வதே நம்பத்தக்க முறை.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது ஒரு முடிவுக்கு வரலாம். சாய்வு தேவைப்படாத தூரக்காட்சிகளையும் மலைச்சிகரங்களையும் நாடுபவர், சிறு காமிராவும் டெலிபோட்டோவுமாகப் புறப்படுவது சிறந்தது. அருகிலுள்ள பொருள்களையும், சாய்த்துத் தெளிவாக்க வேண்டிய காட்சிகளையும் விரும்புபவருக்கு, துருத்தியின் நீட்சியில் முக்கால் அல்லது ஐந்தில் நான்கு பங்கு குவியத் தூரமுள்ள சாதாரண லென்ஸே உற்ற துணை. இடைப்பட்டவர்களுக்குப் புடைத்த பலகை ஒன்று பல வருஷங்கள் உழைக்கும்.

நீண்ட லென்ஸ் வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணத்தை எடுப்பதற்கு முன் அளவுகோலை எடுங்கள். உங்கள் காமிராவின் துருத்தியை, இறுக்கம் தோன்றாத அளவுக்கு விரித்து, லென்ஸ் பலகையிலிருந்து தேய்த்த கண்ணாடி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு விற்பவரிடம் குவியத் தூரத்தைக் கேட்பதோடு நில்லாமல், தொலைதூரக் காட்சிக்குப் பலகையிலிருந்து பிலிம் வரை எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்று கேளுங்கள். லென்ஸின் வளையத்தில் அந்த எண்ணைப் பொறிப்பது வழக்கமில்லை. ஆனால் அந்த லென்ஸ் உங்கள் காமிராவில் வேலை செய்யுமா என்பதை நிர்ணயிப்பது அந்த எண்ணே.